ஏற்காட்டில் வாங்கிய நிழல்தோட்டக் காப்பித்தூள்

ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியிலுள்ள ஒரு சிறிய கடையில் சிக்கரி கலவாத அராபிகா காப்பித்தூள் அரைக் கிலோ வாங்கினேன். டிகாக்‌ஷனில் மெல்லிய புளிப்பும், ஆறிய பிறகும் குறையாத மணமும் இருந்தன. ஆயினும் சுவையைவிட, அது விளைந்த நிலத்தின் பொருட்டே வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் அறிமுகப்படுத்திய காப்பி, மர நிழலில் வளரும் பயிர். பலா, அத்தி போன்ற மரங்கள் உதிர்க்கும் சருகு மண்ணின் ஈரத்தைக் காப்பதோடு, சரிவில் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்வதையும் தடுக்கிறது. நிழல் குறைந்த தோட்டங்களில் காப்பிச் செடியின் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு எளிதில் பெருகுமாதலால், விளைச்சலைக் கூட்ட மரத்தை வெட்டுபவர் பிறகு செடியையே இழக்க நேரும். எல்லா நிழலும் ஒன்றல்ல: மிளகுக்கொடி ஏற்றுவதற்காக நட்ட ஆஸ்திரேலிய சில்வர் ஓக் மட்டுமே நின்றால், பறவைகளுக்கு அங்கே பழம் ஏது? தோட்டத்தில் பலாவும் உண்டென்றார் கடைக்காரர். பொட்டலத்திலோ ‘இயற்கை’ என்ற ஒரு சொல்தான். தோட்டத்தின் பெயரும் இல்லை, காப்பிப் பழம் அலசிய கழிவுநீர் எங்கே போகிறது என்ற குறிப்பும் இல்லை. விலை சற்று அதிகம். அடுத்த முறை கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்வேன்.