ஆறு பேருக்கு எத்தனை அடி ஆர்.வி.?

ஆர்.வி. என்பது உள்ளேயே சமைத்து, படுத்து ஊர் சுற்றுகிற வீட்டு வண்டி. அதன் வாடகை விளம்பரத்தில் ‘ஸ்லீப்ஸ் சிக்ஸ்’ என்று போட்டிருந்தால் ஆறு பேர் படுக்கலாம் என்று அர்த்தம். அந்த ஆறு பேர் யார் யார் என்று விளம்பரக்காரர்கள் கேட்பதில்லை. பின்னால் இருக்கும் கட்டிலில் இரண்டு பேர், டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் பரணில் இரண்டு பேர், சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை போட்டால் இன்னும் இரண்டு பேர். கூட்டினால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் 70 தாண்டிய அப்பா பரணில் ஏற மாட்டார். அம்மாவுக்கு முட்டி வலி. மேசையில் படுத்தவர்கள் எழுந்திருக்கும்வரை மற்றவர்களுக்கு உட்கார்ந்து காபி குடிக்க இடம் கிடையாது.

நாங்கள் டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். திருநெல்வேலியிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் இருப்பார்கள். இதுவரை மூன்று அளவு வண்டியை வாடகைக்கு எடுத்துப் பார்த்தாயிற்று: 33 அடி கிளாஸ் ஏ, 20 அடி கேம்பர் வேன், 24 அடி கிளாஸ் சி. ஏ என்பது பஸ் மாதிரி முகம் தட்டையாக இருப்பது. கிளாஸ் பி என்று சொல்வதுதான் கேம்பர் வேன். ஸ்பிரின்டர், ப்ரோமாஸ்டர், டிரான்சிட் வேன்களையே வீடாக்கியது. சி என்பது வேன் முகமும் பெட்டி உடம்புமாக, நெற்றியில் பரண் வைத்தது. நான்காவதான இழுவை டிரெய்லரை நண்பர் வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் கூடாரம் போட்டுப் பார்த்த அனுபவம் மட்டும்தான்.

முதல் தடவை ஆறு பேரும் போகிறோமே என்று பெரிதாக எடுத்தோம். 33 அடி, இரண்டு ஸ்லைட்-அவுட். நிறுத்திய இடத்தில் பட்டனை அமுக்கினால் சுவர் வெளியே நகர்ந்து ஹால் பெரிதாகிவிடும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டு ஹாலை விடப் பெருசா இருக்கேடா” என்றாள். சுவரை உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டும்போது வண்டி எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. வழியில் அபிலீன் என்ற ஊர் தாண்டிப் பசி எடுத்தது. தயிர்சாதம் ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜ் கதவு நான்கு விரல் திறந்து, எதிர்ச் சுவரில் இடித்து நின்றுவிட்டது. ரெஸ்ட் ஏரியாவில் ஒதுக்கி, சுவரை வெளியே தள்ளி, தயிர்சாதத்தை எடுத்து, மறுபடி இழுத்துப் பூட்டினேன். வாடகை எடுக்கிறவர்கள் சாவி வாங்கும் முன் ஸ்லைட்டை உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டு ஃபிரிட்ஜையும் பாத்ரூமையும் திறந்து பாருங்கள்.

அதைவிடப் பெரிய அடி, நாங்கள் போய்ச் சேர்ந்த டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில். பூங்காவுக்குள் இருக்கும் சிசோஸ் பேசின் மலைப்பாதைக்கு 24 அடிக்கு மேல் ஆர்.வி.யும் 20 அடிக்கு மேல் டிரெய்லரும் வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது, வளைவுகள் அப்படி. பின்னால் கார் எதுவும் கட்டி இழுத்து வரவில்லை. ஆக, 550 மைல் ஓட்டிப் போய், பூங்காவின் ரியோ கிராண்டே வில்லேஜ் முகாமில் நிறுத்தி, மலையைக் கீழே இருந்து பார்த்துவிட்டு வந்தோம். வீடு பெரிதாக இருந்தது, போகிற ஊர்தான் சிறுத்துப்போனது.

இந்த விஷயத்தில் வேனை அடிக்க ஆள் இல்லை. கலிபோர்னியாவில் செக்கோயா பூங்காவுக்குப் போகிற ஜெனரல்ஸ் ஹைவேயின் செங்குத்தான பகுதியில் 22 அடிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். மொன்டானாவில் கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் 21 அடி நீளமோ, பக்கக் கண்ணாடியோடு சேர்த்து 8 அடி அகலமோ தாண்டினால் மேல்பகுதிக்குள் விடவே மாட்டார்கள். வேனையும் கண்ணாடியோடு அளந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மாடல் பெயரில் ஒட்டியிருக்கும் 22, 24 எல்லாம் பல சமயம் வண்டியின் நீளம் அல்ல. பம்பர் முதல் பம்பர் வரை எத்தனை அடி என்று கேட்டு வாங்குங்கள்.

வேனில் நாங்கள் நான்கு பேர் மட்டும் போனோம். கக்கூஸும் ஷவரும் ஒரே கூண்டுக்குள். குளித்தால் எல்லாம் நனையும். அப்பா பார்த்திருந்தால் ‘இதுதாம்லே பாத்ரூம்’ என்றிருப்பார். ஆனால் தண்ணீர் டேங்க் இருபதுசொச்சம் கேலன்தான். தினமும் தலைக்கு ஊற்றிக்கொள்கிற கூட்டத்துக்கு அது ஒரு வேளைக்குக்கூடக் காணாது. மழை பெய்த ஒரு மாலை முழுக்க நாலு பேரும் உள்ளே இருந்தோம். ஒருவர் எழுந்தால் மூவர் உட்கார வேண்டும். மூன்றாம் நாள் என் பெண் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய் மழையிலேயே நின்றாள். இரண்டு பேருக்கு வேன் சொர்க்கம். நாலாவது ஆள் ஏறியதும் அது ஷேர் ஆட்டோ.

டிரெய்லரின் வசதி, அதைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம் என்பது. சிசோஸுக்கு நண்பர் அப்படித்தான் போனார். ஆனால் நம் வீடுகளில் நிற்கிற சியன்னா, ஒடிஸி மினிவேன்கள் இழுக்கக்கூடியது அதிகபட்சம் 3,500 பவுண்டு. குடும்பம் தங்குகிற 22 அடி டிரெய்லர் காலியாகவே பெரும்பாலும் 4,500 தாண்டும். பிக்கப் டிரக் இல்லாதவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். இன்னொன்று, டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் ஓடுகிற டிரெய்லருக்குள் ஆள் இருக்கக்கூடாது. அம்மாவுக்குப் பாத்ரூம் வந்தால் டிரக்கை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் ஏ, சி வண்டிகளில் ஓடும்போது நடமாடலாமா? அதுவும் கூடாது. ஆறு பேரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். அதனால் கட்டிலை எண்ணுவதற்கு முன் பெல்ட்டை எண்ணுங்கள். படுக்கிற அத்தனை பேருக்கும் பெல்ட் இல்லாத வண்டியும் உண்டு. சிறு பிள்ளையின் கார் சீட்டை முன்னோக்கிய இருக்கையில்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டு சோபாவில் கட்டவே கூடாது. 24 அடி சி-யில் அப்படி முன்னோக்கிய இடம் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையின் ஒரு பெஞ்சில் மட்டும்தான். கார் சீட் வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்த பெஞ்ச் அத்தோடு முடிந்தது.

சமையல் விஷயத்தில் பெரிய வண்டிக்கு ஓட்டுப் போடுவேன். சி-க்கு, கேம்ப்கிரவுண்டில் செருகும்போது, 30 ஆம்ப் கனெக்‌ஷன். 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி ஓடும்போது 1,500 போய்விடும். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800. இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, மனைவி தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். எல்லாம் அணைந்தது. மார்ச் மாத வெயிலில் வண்டிக்குள் பாதி அரைந்த சட்னியோடு பிரேக்கரைத் தேடினோம். பெரிய ஏ-யில் 50 ஆம்ப், இரண்டு லைன், 12,000 வாட். இரண்டு ஏசியும் மிக்ஸியும் சேர்ந்து பாடலாம். தாளிப்பை மட்டும் எந்த வண்டியிலும் உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். கடுகு வெடித்து மிளகாய் கிள்ளிப் போட்டதும் புகை அலாரம் கத்த ஆரம்பித்துவிடும், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார். வண்டியின் பக்கப் பந்தலை விரித்து, வெளியே ஒரு சின்ன கேஸ் அடுப்பு வைத்தால் போதும்.

பெட்ரோல் செலவைப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. பிக் பெண்ட் போய் வர உள்ளே சுற்றுவதோடு 1,200 மைல். ஏ கேலனுக்கு 8 மைல் கொடுத்தால் 150 கேலன், சி 10 மைல் என்றால் 120, வேன் 16 என்றால் 75. கேலன் 3 டாலர் என்று வைத்தால் ஏ-க்கும் சி-க்கும் வித்தியாசம் 90 டாலர். வாடகை வித்தியாசம் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கழிவு டேங்க் காலி செய்வது மூன்றிலும் ஒரே வேலை, ஒரே நாற்றம். முதலில் கக்கூஸ் கழிவு உள்ள பிளாக் டேங்க், அப்புறம் குளித்த, கழுவிய தண்ணீர் உள்ள கிரே. குளித்த தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். எங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் போட்டி இல்லை.

மூன்றாவது பயணத்தில் 24 அடி சி-யை ஆறு பேருக்கு எடுத்தோம். சிசோஸ் ஏறினோம், மெதுவாக. பிள்ளைகள் பரணைப் பிடித்துக்கொண்டார்கள். விழாமல் இருக்க வலை கட்டி மாட்டினோம். அப்பா அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் கட்டில். அது மூலையில் ஒட்டிய கட்டில். சுவர்ப்பக்கம் படுத்த அப்பா இரவில் மூன்று முறை எழுந்தார், மூன்று முறையும் அம்மாவைத் தாண்டினார். இரண்டாம் இரவு அம்மா தலையணையோடு கால்மாட்டுக்கு மாறிவிட்டாள். இரண்டு பக்கமும் இறங்க வழி உள்ள கட்டில் வேண்டும் என்று கேட்டு எடுங்கள். அதற்காக ஓரிரண்டு அடி கூடினால் மலைப்பாதையை மறக்க வேண்டியிருக்கும். மேசைப் படுக்கையில் நானும் மனைவியும் முழங்காலை மடக்கியே நாலு இரவைக் கழித்தோம்.

ஆகவே என் கணக்கு இது. இரண்டு பேர் என்றால் வேன். நாலு பேருக்கு 24 அடி சி. ஆறு பேர், அதில் பெரியவர்கள் இரண்டு பேர் என்றாலும் அதே 24 அடிதான். கூடவே கேம்ப்கிரவுண்டில் ஒரு கேபின். பல மாநிலப் பூங்காக்களிலும் கே.ஓ.ஏ. என்ற தனியார் கேம்ப்கிரவுண்டுகளிலும் கேபின் உண்டு, முன்கூட்டியே பதிய வேண்டும். ஒரே இடத்தில் பத்து நாள் நிற்கப் போகிறீர்கள், மலை ஏறப் போவதில்லை என்றால் மட்டும் 33 அடி.

போன இலையுதிர் காலத்தில் ஃப்ரியோ ஆற்றோரம் கார்னர் ஸ்டேட் பார்க்கில் இதைச் செய்தும் பார்த்தோம். கேபின் சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். வண்டிக்குள் ஏறி, நல்ல அகலமான பின்கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு, “நாங்க இங்கயே இருந்துக்கிடுதோம். நீங்க ரெண்டு பேரும் போய் அங்க படுங்க” என்றார்.