மேடை நாடகத்துக்கு இசை: வாத்தியக்காரரா, லேப்டாப்பா?

புதிதாக நாடகம் போடுகிறவர்கள் இசை என்றதும் முதலில் கேட்பது செலவைத்தான். அதில் லேப்டாப் ஜெயித்துவிடும், சந்தேகமே வேண்டாம். மிருதங்கம், ஆர்மோனியம் என்று இரண்டே பேரை வைத்தாலும் அவர்கள் நாடகத்தன்று மட்டும் வந்தால் போதாது, கடைசிப் பத்து ஒத்திகைக்காவது வந்து உட்கார வேண்டும், வெளியூர் என்றால் வேனில் இடம், சாப்பாடு, சம்பளம். பதிவுசெய்த இசைக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் முடிந்தது.

ஆனால் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். மகனின் கடிதத்தை அம்மா பிரித்துப் படிக்கிற காட்சி ஒன்றுக்கு நான் வயலினில் ஒரு துண்டு செய்து கொடுத்தேன். வசனம் கிடையாது, ஒத்திகையில் 40 விநாடி வந்தது, நானும் சரியாக 40 விநாடிக்குச் செய்தேன். அரங்கேற்றத்தன்று முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சியது காதில் விழுந்ததோ என்னவோ, நடிகை இன்னும் நிதானமாகிவிட்டார். வயலின் தன் பாட்டுக்கு முடிந்துபோக, மிச்ச நேரம் முழுக்க ஃபேன் சத்தம்தான். பிறகு அதே காட்சிக்கு ஆர்மோனியம் வைத்தோம். வாசித்தவர் நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடிகையின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், கடிதம் நாலாக மடிந்ததும் துருத்தியை மெல்லத் தளர்த்தினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

தெருக்கூத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் ஆடுகளத்திலேயே, ஆடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான் என்பது என் எண்ணம். கூத்தாடி ஒரு அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாட, அந்த இடைவெளியில் அவர் ஆடி முடித்து மூச்சு வாங்கிக்கொள்வார். சுருதியும் அப்படித்தான். ஒரு கட்டைச் சுருதியில் எடுக்க வேண்டிய பாட்டை நடிகர் பதற்றத்தில் ஒன்றரையில் எடுத்துவிட்டால் ஆர்மோனியக்காரர் விரலை நகர்த்திச் சமாளிப்பார், கோப்பு என்ன செய்யும்?

லேப்டாப் பக்கம் இதற்கு வழி இல்லாமல் இல்லை. இசையை ஒரே நீளமாகச் செய்யாமல் தொடக்கம், சுழலும் நடுப்பகுதி, முடிவு என்று மூன்றாக வெட்டி, நடிகர் முடிக்கும் வரை நடுப்பகுதியைச் சுற்றவிட்டு, முடித்ததும் பொத்தானை அழுத்தலாம். கியூலேப் போன்ற மென்பொருளில் இது சுலபம் (அது மேக்கில் மட்டும்தான் ஓடும், சாதாரண ஸ்டீரியோவுக்கு இலவசப் பதிப்பே போதும்). ஆனாலும் அழுத்துகிற ஆள் எல்லா ஒத்திகைக்கும் வந்தவராக இருக்க வேண்டும். ஆக அங்கேயும் உங்களுக்கு ஒரு வாத்தியக்காரர்தான் தேவை, வாத்தியம்தான் வேறு.

மழை, ரயில், கூட்டத்தின் இரைச்சல் இவற்றுக்கு ஒலிப்பதிவேதான். அதிலும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேஜை மேல் இருக்கும் டெலிபோன் கூரையோரப் பெட்டியிலிருந்து மணியடித்தால் முதல் விநாடியிலேயே நம்பிக்கை போய்விடும், மேஜைக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை ஒயர் போட்டு ஒளித்து வையுங்கள். புளூடூத் வேண்டாம், அது சற்றுத் தாமதமாக ஒலிப்பதால் மணி நிற்பதற்கு முன்பே நடிகர் ரிசீவரை எடுத்திருப்பார். பெரிய அரங்கில் பின்வரிசைக்கென்று மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளித் தனி ஸ்பீக்கர் வைத்தால் அதைச் சுமார் 60 மில்லிவிநாடி தாமதப்படுத்த வேண்டும் (மேடைச் சத்தம் காற்றில் அங்கே வந்துசேர அவ்வளவு நேரம் ஆகும்), இல்லையென்றால் ஒரே வசனம் இரண்டு தடவை கேட்கும்.

வாத்தியத்துக்கும் அதன் தொல்லை உண்டு. ஏசி அரங்கில் மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) பூசிய ரவை காய்ந்துபோகும், சுருதி நகர்ந்துவிடும், இடைவேளையில் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொண்டிருப்பார்கள். கரண்ட் போனால் மட்டும் அவர்கள்தான் ராஜா.

கையில் காசு குறைவு என்றால் நான் தாளத்துக்கு ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு சூழல் ஒலியை லேப்டாப்பில் விடுவேன். அடி, ஓட்டம், திடுக்கிடல் எல்லாம் நடிகரின் உடம்போடு சேர்ந்து விழ வேண்டியவை, மழை அரை விநாடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. லேப்டாப்பில் வைஃபையை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். எங்கள் அரசர் உயிர் விடுகிற நேரம் பார்த்து அதில் யாரோ அனுப்பிய செய்தி ‘டிங்’ என்று வந்து விழுந்தது, செத்துக்கிடந்த அரசரின் வயிறு குலுங்கியதை மூன்றாம் வரிசை வரை பார்த்தார்கள்.