நேரில் போவதா, இங்கிருந்தே அனுப்புவதா? கடலூரிலிருந்து கிளிநொச்சிக்கு

அறக்கட்டளை என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். தேவனாம்பட்டினத்திலும் மஞ்சக்குப்பத்திலுமாக ஒன்பது பேர், ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு ரசீது புத்தகம், அவ்வளவுதான். இலங்கையின் வடக்கே கிளிநொச்சி மாவட்டத்தில் தரம் 11 (பதினோராம் வகுப்பு) வரை உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கு உதவுகிறோம். 2023 பிப்ரவரியில் ஏழு பேர் போனோம், 2024 செப்டம்பரில் மூன்று பேர். இரண்டு பயணத்துக்குப் பிறகு நான் ‘போக வேண்டாம், பணத்தை அனுப்பிவிடலாம்’ கட்சிக்கு மாறிவிட்டேன். எங்களிலேயே நான்கு பேருக்கு இதில் உடன்பாடில்லை.

நேரில் போவதில் நல்லது நிறைய உண்டு. ஆள் தெரிகிறது, இடம் தெரிகிறது, திரும்பி வந்து படம் காட்டினால் ஊரில் நாலு பேர் பணம் தருகிறார்கள். பயணமும் இப்போது சிரமமில்லை. முதல் தடவை சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குச் சின்ன விமானம். இரண்டாம் தடவை நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பல், சுமார் நான்கு மணி நேரம். (கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், கப்பலில் வாந்தி எடுத்ததும் நான் ஒருவன்தான்.)

மொழி ஒன்றுதான் என்ற தைரியத்தில் இங்கிருந்து பத்தாம் வகுப்பு கைடுகளைக் கட்டிக்கொண்டு போனோம். அங்கே பாடத்திட்டம் வேறு, பாடநூலை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. நம் வேதியியல் அங்கே இரசாயனவியல், இயற்பியல் பௌதிகவியல். அந்தக் கட்டு பிரிக்கப்படாமலே ஓர் அலமாரியின் அடியில் போய்ச் சேர்ந்தது. பாடம் நடத்தலாம் என்ற யோசனையும் பலிக்கவில்லை. சுற்றுலா விசா சுற்றிப் பார்ப்பதற்குத்தான்.

ஆனால் என் மனதை மாற்றியது கைடு இல்லை, ஆர்.ஓ. மெஷின்.

முதல் பயணத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்றை இங்கேயே வாங்கி, பெட்டியில் கட்டி எடுத்துப் போய் மாட்டிக் கொடுத்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்று டம்ளரில் பிடித்துக் குடித்தார்கள், நாங்கள் படம் எடுத்தோம். ஒன்றரை வருடம் கழித்துப் போனபோது மெஷின் அதே இடத்தில் இருந்தது. மேலே ஒரு பூப்போட்ட துணி, அதன்மேல் வருகைப் பதிவேடுகள். குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாய் உப்பு பூத்திருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்துக்கு எட்டு மாதத்திலேயே மெம்பிரேன் (உள்ளே தண்ணீரை வடிகட்டும் சவ்வு) அடைத்துவிட்டதாம். அந்தக் கம்பெனிச் சாமான் கிளிநொச்சியில் இல்லை, யாழ்ப்பாணத்தில் கேட்டும் கிடைக்கவில்லை. தலைமையாசிரியரை அங்கே அதிபர் என்கிறார்கள். அதிபர் அம்மா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “பிழையா நினைக்காதேங்கோ. மாத்திற சாமான் இஞ்ச எடுக்கேலாது.”

ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டிருந்தால் அனுப்பியிருப்போமே என்றேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்த நிவாரண மூட்டையில் எனக்குக் கிடைத்தது ஒரு கம்பளி ஸ்வெட்டர். கடலூர் வெயிலுக்கு! கொடுத்தவர் முன்னால் போட்டுக் காட்டி, படத்துக்கு நின்றேன். அம்மா அதை வெட்டிச் சட்டி இறக்கும் பிடிதுணி ஆக்கினார். நேரில் வந்து நிற்கிறவரிடம் ‘இது வேண்டாம், அது வேண்டும்’ என்று யார் வாயும் சொல்லாது.

அதனால் இப்போது அந்த ஊர்க்காரப் பெண் ஒருவருக்கு மாலை நேர வகுப்புக்கான சம்பளம் அனுப்புகிறோம். ஐந்தாம் வகுப்பில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கும், நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற சாதாரண தரப் பரீட்சைக்கும் படிக்கிற பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்கிறார். மாதம் 20,000 இலங்கை ரூபாய். நம் பணத்தில் ஆறாயிரத்துக்குள்தான் வருகிறது. முதல் பயணத்தில் ஏழு பேருக்குப் போக்குவரத்து, தங்கல், சாப்பாடு என்று ஆனது ஒன்றே முக்கால் லட்சம். அதாவது இரண்டு வருடத்துக்கும் மேலான சம்பளத்தை ஆறு நாளில் செலவழித்திருக்கிறோம். டீச்சருக்கு மெம்பிரேன் மாற்ற வேண்டாம். உடம்புக்கு முடியாவிட்டால் அவரே தங்கையை அனுப்பிவைக்கிறார்.

பணம் அனுப்புவதில் ஒரு முடிச்சு உண்டு. அறக்கட்டளைக் கணக்கிலிருந்தே அனுப்பலாம் என்றிருந்தோம், ஆடிட்டர் தடுத்தார். வெளிநாட்டில் செலவிடும் தொகைக்கு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாமல் வரிவிலக்கு கிடைக்காது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர், சொந்தக் கணக்கிலிருந்து நன்கொடையாக அனுப்புகிறோம். தனிநபருக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். ஏழு ஜென்மம் எடுத்தாலும் நாங்கள் அதைத் தொடப்போவதில்லை. பான் எண், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவம், வங்கிக் கட்டணம் என்று அரை நாள் போகும். நன்கொடைக்கான வரிச்சலுகையும் கிடையாது. பணம் தனி ஆளுக்குப் போகாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்குப் போகிறது.

சிறுவர் இல்லங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் பயணத்தில் ஒன்றுக்குப் போனோம். பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். ஒரு சிறுமி என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு “திரும்ப எப்ப வருவீங்கள்?” என்றாள். வருகிற எல்லோரிடமும் அவள் அதைத்தான் கேட்கிறாள் என்று பிறகு தெரிந்தது. உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் கொண்டுவந்து விடுகிறது. விருந்தாளி வரவர, அவர்கள் தரும் காசுக்காகவே இல்லம் நிறையும். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்றும், சுற்றுலாவாக வந்து இல்லங்களில் தொண்டு செய்யும் திட்டங்களால் விளையும் கேடுகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நான் மறுபடி போகவில்லை. அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கி வேலை செய்கிறவர்களின் கதை வேறு; ஒரு மத்தியானம் மட்டும் இருந்துவிட்டு வந்தவன் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

அனுப்புவதிலும் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த ஏற்பாடு தொடங்கி இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதுவும் ஒரே ஒரு பள்ளியில். மாதம் ஐந்தாம் தேதி டீச்சர் வருகைப் பதிவேட்டைப் படம் பிடித்து அனுப்புகிறார், நாங்கள் நம்புகிறோம். முதலில் போய் முகம் பார்த்திருக்காவிட்டால் இந்த நம்பிக்கை வந்திருக்குமா என்று எதிர்க்கட்சி நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் மட்டும், அவரவர் சொந்தச் செலவில், போய் வரலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதனால் தை பிறந்த பிறகுதான். என்ன கொண்டுவரட்டும் என்று இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு அதிபர் அம்மா பதில் போட்டார்: பண்ருட்டி முந்திரி, ஒரு கிலோ, காசு தாம் தருவதாக.