மாத்திரை எங்கே இருக்கணும்: தலைமாட்டிலா, டப்பாவிலா, பூட்டிய அலமாரியிலா?

பெரியம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது சாப்பாடு, பாத்ரூம் கைப்பிடி, லிஃப்ட் எல்லாம் பார்த்தோம். மாத்திரையை எங்கே வைப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இதுவரை அவர் மூன்று இல்லங்களில் இருந்திருக்கிறார். மூன்றிலும் மூன்று விதம்.

முதல் இடத்தில் அவரவர் மருந்து அவரவர் அறையில். நினைவு தெளிவாக இருப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு, தன் மருந்தைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் மரியாதை அதில் இருக்கிறது. ஆனால் இழுப்பறைக்குப் பூட்டு வேண்டும். மறதி நோய் உள்ள பக்கத்து அறைக்காரர் உள்ளே வந்து, சர்க்கரை வியாதியே இல்லாமல் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டால், ரத்தச் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இரண்டாவது இடத்தில் ஏழு நாள் டப்பா. ஞாயிற்றுக்கிழமையே காலை, மதியம், இரவு என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள். பார்க்க அவ்வளவு நேர்த்தி! ஒரு புதன்கிழமை டாக்டர் வந்து பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நர்ஸ் வியாழக்கிழமை மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார். இரண்டு சின்ன வெள்ளை மாத்திரைகள், ஒரே அளவு. "இதுல எது சிஸ்டர் பிரஷருக்கு?" என்றேன். "அட்டையைத் தூக்கிப் போட்டுட்டோமேக்கா" என்றார். அட்டையோடு பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் போய்விட்டது. அதோடு சில மருந்துகளைப் பிரித்தே வைக்கக் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். தானே மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு வீட்டில் இந்த டப்பா சரி. முப்பது பேர் இருக்கும் இடத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது, இப்போது இருக்கும் இடம். நர்ஸ் அறையில் பூட்டிய அலமாரி. ஆளுக்கொரு பெட்டி, மேலே பெயர், போட்டோ. மாத்திரை கடையிலிருந்து வந்த அட்டையிலேயே இருக்கிறது, வேளைக்கு வேளை பிரித்துக் கொடுத்து நோட்டில் கையெழுத்து. அல்பிரசோலம் மாதிரித் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளை ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் எண்ணுகிறார்கள். மருந்து மாறினால் அந்த அட்டையை மட்டும் எடுத்துவிட்டால் போதும். என் ஓட்டு இதற்குத்தான்.

இன்சுலின் தனிக் கதை. திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், அதனால் ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டு ஆகாது. அடிக்கடி திறக்கும் கதவுப் பக்கமும் வேண்டாம். திறந்த குப்பியில் தேதி எழுத வேண்டும், பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள்தான் கணக்கு. சமையலறை ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இன்சுலினைப் பார்த்தால் உடனே கேளுங்கள்.

பூட்டிய அலமாரியிலும் ஒரு குறை உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் சாவி யாரிடம்? இதைக் கேட்டபோது அங்கேயும் கொஞ்சம் தயங்கினார்கள். அப்புறம் டாக்டரிடம் பேசி, நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் அட்டை ஒன்றை மட்டும் பெரியம்மாவின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். ஒரு சாவி நைட் டியூட்டி நர்ஸிடம், இன்னொன்று பெரியம்மாவின் கழுத்துக் கயிற்றில்.