இருபத்தொரு நாள் காத்திருந்த அறிக்கை: சென்னை ஆய்வகம் ஒன்றில் என்.ஐ.பி.டி. சோதனை

எனக்கு வயது 34. இரண்டாவது கர்ப்பத்தின் 12-ஆவது வாரத்தில் எடுத்த என்.டி. ஸ்கேனையும் (கருவின் பின்கழுத்தில் உள்ள நீர்த்தடிப்பை அளப்பது) டபுள் மார்க்கர் ரத்தச் சோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க 420-இல் 1 வாய்ப்பு என்று வந்தது. ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுக்கும் அளவுக்குப் பெரிய எண்ணும் அல்ல, மறந்துவிட்டுத் தூங்கும் அளவுக்குச் சிறிய எண்ணும் அல்ல. தாயின் ரத்தத்தைக் கொண்டே கருவின் குரோமோசோம் பிழைகளைத் தேடும் என்.ஐ.பி.டி. சோதனையை மகப்பேறு மருத்துவர் பரிந்துரைக்க, தனியார் ஆய்வகம் ஒன்றில் 16,500 ரூபாய் கட்டினோம்.

தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதை 1997-இல் மருத்துவ ஆய்வாளர் டென்னிஸ் லோவின் குழுவினர் கண்டறிந்தனர். 2011-இல் அது விலைக்குக் கிடைக்கும் சோதனையாயிற்று. அந்தத் துணுக்குகள் உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. ஆகவே நஞ்சுக்கொடியில் மட்டும் குரோமோசோம் பிழை இருந்து குழந்தை நன்றாக இருந்தாலும் சோதனை தவறாக எச்சரிக்கக்கூடும்.

ரத்தம் எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கே வந்த செவிலியர், வெறும் வயிறு தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லி, தனிக் குழாயில் 10 மில்லி எடுத்து, அதைக் குளிரூட்டாமல் அறை வெப்பத்திலேயே கொண்டுசென்றார்.

பத்து நாளில் அறிக்கை என்றார்கள். ஒன்பதாம் நாள் தொலைபேசியில், "சாம்பிள் ஃபெயில் ஆகிடுச்சு மேடம், மறுபடி எடுக்கணும்" என்ற ஒரே வரி வந்தது. கருவின் டி.என்.ஏ. பங்கு ஏறத்தாழ 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பல ஆய்வகங்கள் முடிவு தருவதில்லை என்பதும், உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு (நான் 84 கிலோ) இது நேர்வது அதிகம் என்பதும், அரிதாக 13, 18 ட்ரைசோமிகளிலும் (அந்த எண்ணுள்ள குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது) இப்படி ஆவதுண்டு என்பதும் என் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. மறுமுறை ரத்தம் எடுக்கக் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் அறிக்கை கைக்கு வந்தபோது 15 வாரம் தாண்டியிருந்தது, நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் செய்யும் சி.வி.எஸ். சோதனைக்கான காலமும் போய்விட்டது. இப்படி நேரலாம் என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

என்னுடைய பெரிய குறை அவர்களுடைய விளம்பரத் தாளைப் பற்றியது. அதில் "99% துல்லியம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் 99 சதவீதத்துக்கு மேல் பிடிபடும் என்பது உண்மைதான். ஆனால் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் அது 99 சதவீதம் உறுதி என்று பொருளல்ல. ஆயிரத்தில் ஒரு கருவுக்குப் பாதிப்பு இருக்கக்கூடிய இளம் தாய்மார் 10,000 பேரை எடுத்துக்கொண்டால், உண்மையான பாதிப்பு பத்துப் பேருக்கு. தவறான எச்சரிக்கை 0.1 சதவீதமே ஆனாலும் அதுவும் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு. அதாவது எச்சரிக்கப்பட்டவர்களில் பாதிப் பேரின் குழந்தைக்கு ஒன்றும் இராது. ஆம்னியோ (பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது) போன்ற சோதனையால் உறுதிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்ற வரி அந்தத் தாளின் பின்பக்கம், என் மாமியாரின் கண்ணாடியைக் கடன் வாங்கினால்தான் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கிறது.

கூடுதலாக 6,000 ரூபாய்க்கு 'மைக்ரோடெலிஷன்' தொகுப்பையும் விற்கப் பார்த்தார்கள். குரோமோசோமின் ஒரு சிறு துண்டு இல்லாமற்போவதால் வரும் மிக அரிய குறைபாடுகள் அவை. அரிதாக இருப்பதாலேயே தவறான எச்சரிக்கையின் பங்கு கூடிவிடுகிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 ஏப்ரலில் இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. நான் வாங்கவில்லை.

அறிக்கை தெளிவாகவே இருந்தது: 21 (டவுன் சிண்ட்ரோம்), 18, 13 ஆகிய மூன்று ட்ரைசோமிகளுக்கும் 'லோ ரிஸ்க்', கருவின் டி.என்.ஏ. பங்கு 6 சதவீதம். சட்டப்படி பாலினம் குறித்து ஒரு சொல்லும் இல்லை. மரபணு ஆலோசகர் அதன்பிறகு இருபது நிமிடம் பொறுமையாகப் பேசினார். இதயக் குறைபாடு போன்றவற்றை இந்தச் சோதனை காட்டாது, உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் 20-ஆவது வார அனாமலி ஸ்கேனைத் தவறவிடாதீர்கள் என்றார். அந்த அழைப்பு ரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாள் வந்திருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இப்போதைக்கு மூன்று.