பதினோரு ஆடிக்காற்று பார்த்த வீடு: கனமும் லேசும்

புளியரையில் வீடு கட்டி இந்த ஆடியோடு பதினோரு வருஷம். செங்கோட்டை தாண்டி, மலைப்பாதையின் எஸ் வளைவு ஏறுவதற்கு முன்னால், கணவாய்க் காற்று நேராக வந்து முட்டும் இடம். ஜூனில் சாரல் பிடித்தால் ஆகஸ்ட் வரை துணி காயாது. அதனால் நான் சொல்வது இந்த ஊர்க் காற்றுக்கும் ஈரத்துக்கும்தான் பொருந்தும். மதுரைக்காரர்களுக்கு வேறு கணக்கு.

கம்பியை எடை போடாமல் எண்ணி வாங்கினேன், அதுதான் முதல் தப்பு. கம்பி கட்ட வந்த பெரியவர்தான் சந்தேகப்பட்டார். "தம்பி, பன்னெண்டு எம்எம்மா இது? கைக்குப் பத்து மாதிரி வளையுதே." நாற்பதடிக் கம்பி, யூ மாதிரி மடித்து வருமே, அதில் ஒன்றைப் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டோம். 9 கிலோ 400. எம்எம்மில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்எம்முக்கு 0.89 கிலோ, நாற்பதடிக்கு, அதாவது சுமார் 12 மீட்டருக்கு, 10.66. ஐஎஸ் என்ற இந்தியத் தரப்படி இந்த அளவுக் கம்பியில் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். என் கம்பியில் 12 சதவீதம் குறைவு. விற்றவரிடம் கேட்டால், "ரோலிங்ல அப்படித்தான் வரும் அண்ணாச்சி" என்றார். இரும்புக்கு ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பது எந்தக் கம்பெனிக்கும் மாறாது. எடை குறைந்தால் கம்பி மெலிசு, அவ்வளவுதான். மிச்சக் கம்பி முழுவதையும் வேறு இடத்தில் எடை போட்டு வாங்கினேன்.

சுவரில் இரண்டு கதை. கீழே சேம்பர் செங்கல். மாடி அறைக்கு, பழைய அஸ்திவாரத்துக்குப் பாரம் கூடாது என்று ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான சிமெண்டுக் கல். இரண்டடி நீளம், எட்டு அங்குல உயரம், எட்டு அங்குலத் தடிமனுள்ள ஒரு பிளாக் காய்ந்த நிலையில் பதினைந்து கிலோ சுமார். அந்த இடத்தைச் செங்கல்லால் நிரப்பினால் பதின்மூன்று கல், நாற்பது கிலோ வரும். உச்சி வெயிலில் மாடி அறை கீழ் அறையை விடக் குளுமை, அதை மறுக்க முடியாது. ஆனால் தென்மேற்குச் சுவரில் வெளிப்பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்த வருஷம் பிளாக் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது, புரட்டாசி வரை உள்ளே பூசணம். சும்மா ஆணி அடித்தால் காலண்டர்கூட நிற்காது. அதற்கென்று உள்ள பிளக் வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம், கூரை.

கார் நிற்க முன்னால் அலுமினியத் தகடு போட்டேன். துருப் பிடிக்காது, தூக்க லேசு என்ற ஆசை. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், கன மீட்டருக்கு 2,700 கிலோ. (வாசல்படிக் கருங்கல்லும் கன அளவுக்குக் கன அளவு கிட்டத்தட்ட அதே எடை. பக்கத்து வீட்டு மாமா இன்னும் நம்பவில்லை.) எடையோடு விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. இரும்புத் தகடுக்குப் போடும் இடைவெளியிலேயே சட்டம் போட்டார்கள். முதல் ஆடியிலேயே தகடு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. வெயிலில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு நீளும். சூடு முப்பது டிகிரி ஏறினால் இருபதடித் தகடு நாலு மில்லிமீட்டர் நீளும். சாயங்காலம் குளிரும்போது டக் டக் என்று சத்தம். அம்மா யாரோ கல்லெறிகிறார்கள் என்று வெளியே வந்து பார்த்தார். நீளவும் சுருங்கவும் ஸ்குரூ ஓட்டை முட்டை வடிவாகிவிட்டது. போட்டது இரும்பு ஸ்குரூ. ஈரத்தில் இரண்டும் ஒட்டி இருந்தால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். நாலாவது வருஷம் ஓட்டையைச் சுற்றி வெள்ளை மாவு. ஆறாவது வருஷம் ஒரு தகடு பறந்து தென்னையில் போய்ச் சாய்ந்தது. நல்லவேளை, ராத்திரி.

பின்னால் தாத்தா காலத்துத் தொழுவம், சீமை ஓடு. சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு, நாற்பது கிலோ. அலுமினியத் தகடு அதே இடத்துக்கு இரண்டு கிலோகூட இல்லை. காற்று அடியில் புகுந்து தூக்கும்போது அந்த நாற்பது கிலோ தன் எடையாலேயே உட்கார்ந்திருக்கிறது. சட்டத்துக்கு அயினி மரம் தடிமனாக வேண்டும், அது செலவு. குரங்கு குதித்தால் உடையும், அது வருஷா வருஷம் செலவு. ஆனாலும் மழைச் சத்தத்தில் மாடு மிரளவில்லை.

குழாய் பற்றி ஒரு வரி: கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பித்தளைக் குழாய் பதினோரு வருஷமாக ஓடுகிறது; பளபளவென்று லேசாக இருந்த இன்னொரு குழாய் இரண்டாம் வருஷமே கழுத்தில் உடைந்தது.

அடுத்த மாதம் முன்பக்கத்தையும் மாற்றப் போகிறோம். ஆரியங்காவுப் பக்கம் இடித்த வீட்டு ஓடு நேற்று வந்து இறங்கியது, பாசியோடு. ஒன்றைக் கழுவிக் காயவைத்துத் தராசில் வைத்தேன். 2 கிலோ 700.