வீடு கட்ட குவான்டிட்டி சர்வேயர்: எந்த வேலைக்குக் காசு கொடுக்கலாம்?

சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டரிடம் பேசி முடித்த பிறகு குவான்டிட்டி சர்வேயர் (கட்டட வேலையை அளந்து செலவுக் கணக்குப் பார்ப்பவர்) எதற்கு என்று திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கேட்பதுண்டு. எஸ்டிமேட் தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர் என்றால் நிச்சயம் வேண்டாம். ஒப்பந்தத்தைப் படித்துத் திருத்தி, ஒவ்வொரு பில்லுக்கு முன்னும் சைட்டுக்கு வந்து அளப்பவர் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

பணம் அதிகம் நழுவுவது அஸ்திவாரத்தில். மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் 5 அடி என்று ரேட் பேசியிருப்பார்கள். கெட்டி மண் 7 அடியில்தான் கிடைக்கும். குழி வெட்டிய பிறகு அந்த 2 அடிக்குப் பேரம் பேச வீட்டுக்காரருக்கு வழியே இல்லை. மண் வெட்டு, காங்கிரீட், கல் கட்டு மூன்றுக்கும் கூடுதல் ஆழத்துக்கான கன அடி ரேட்டை சர்வேயர் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுத வைக்கிறாரா என்று பாருங்கள். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு ஆகியவை ரேட்டில் சேர்த்தியா இல்லையா என்பதும் அதே தாளில் வர வேண்டும்.

அடுத்தது பூச்சு அளவு. கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200 முறைப்படி, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். ஜன்னல் ஓரப் பூச்சைத் தனியாகக் கூட்டக் கூடாது. 5க்கு 4 அடி ஜன்னல், மூன்றரைக்கு 7 அடி கதவு இரண்டும் இதற்குள் வரும். 8 ஜன்னல், 6 கதவு உள்ள வீட்டில் 307 சதுர அடி கழிய வேண்டும். சைட்டில் பல நேரம் எதையும் கழிப்பதில்லை, ஓரத்தையும் சேர்த்தே பில் போடுகிறார்கள்.

தளம் போடும் முன்பு வராத சர்வேயரால் பயனில்லை. காங்கிரீட் மூடிவிட்டால் கம்பியை எண்ண முடியாது. மி.மீ. கணக்கில் கம்பியின் குறுக்களவை (விட்டத்தை) அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பிக்கு 0.89. 1000 சதுர அடித் தளம் 5 அங்குலத்துக்குப் பதில் நாலரை அங்குலமானால் சுமார் 42 கன அடி காங்கிரீட் குறையும். எம்20 கலவையில் (1 சிமெண்ட், ஒன்றரை மணல், 3 ஜல்லி) அது ஒன்பது மூட்டைக்கு மேல் சிமெண்ட்.

எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரியிலேயே சமப்படுத்தி அளக்கச் சொல்லுங்கள். மணல் ஈரமாக இருந்தால் உப்பி, யூனிட் (100 கன அடி) கணக்கு கூடிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

வேலைத் தரத்தை சர்வேயர் பார்க்க மாட்டார், இன்ஜினியர் தனியாக வேண்டும். சம்பளத்தை மொத்தச் செலவில் சதவீதமாகப் பேசாதீர்கள். செலவு ஏறினால் அவருக்கும் ஏறும். வருகைக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.